நிரையும் நிரலும் செயலியும்



பெற்றோர் சந்திப்புகளில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "கணினி நிரல் என்கிறீர்கள், செயலி என்கிறீர்கள், இரண்டும் ஒன்றா, வேறா?" எல்லாச் செயலியும் நிரலே, எல்லா நிரலும் செயலி அன்று என ஒரே வரியில் விடையிறுத்துவிடலாம். விடை சரிதான். ஆயினும், அதைக் கேட்டு நிறைவோடு வீடு திரும்பிய பெற்றோர் எவரையும் யான் கண்டதில்லை! தம் பிள்ளையின் கையில் இரவும் பகலும் இருக்கின்ற பொருளும் பள்ளிக் கணினிக் கூடத்தில் இருக்கின்ற பொருளும் ஒன்றுதானா, ஒன்றைப் பழகினால் மற்றதும் தானே கைவந்துவிடுமா என்பதே அவர்களின் உள்ளக்கிடக்கை. அதற்கு விடை காண வேண்டுமாயின் வரலாற்றைச் சற்றுப் புரட்டியாக வேண்டும்.

முதலில் நிரல் என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த எவருக்கும் இச்சொல் அந்நியமாகத் தோன்றுதல் கூடாது. இரப்பர் தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்ட மர வரிசைக்கு 'நிரை' என்று பெயர். ரந்தாவ் பக்கத்து லின்சம் ஆகட்டும், போர்ட்டிக்சன் பக்கத்துச் சுவா பெத்தோங் ஆகட்டும், பகாவ் வட்டாரத்துக் கெடிஸ், ஜெராம் பாடாங் ஆகட்டும், எங்கும் அதே வழக்குத்தான். நிரை, நிரல் ஆகிய இரண்டும் உறவுச் சொற்கள். வரிசை, ஒழுங்கு என்பதே இரண்டின் பொருளும். நாம் இலக்கண வகுப்பில் கற்பிக்கும் நிரல்நிறை அணியில் இருப்பதும் இதே நிரல்தான்.

விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுத் தம் நிரைக்குச் சென்ற பால்வெட்டுத் தொழிலாளி என்ன செய்தார்? முதல் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்தார். உளியால் பட்டையை மெல்லியதாகச் சீவினார். மங்கைத் துடைத்து நேராக வைத்தார். அடுத்த மரத்திற்கு நகர்ந்தார். நிரையில் 400, 500 மரங்கள் இருந்தால் அதே செயல்களை 400, 500 முறை செய்தார். மழை பெய்தால் வெட்டு இல்லை. பட்டுப்போன மரமாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கடைசி மரம் முடிந்ததும் முதல் மரத்திற்குத் திரும்பி வந்து பாலைச் சேகரிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். கணினி வகுப்பில் தொடர், மீள்செயல், நிபந்தனை என்று மூன்று பெரிய சொற்களால் விளக்க முயல்வது அத்தனையும் அந்தத் தாளில் இருக்கும். ஒரு வேலையை எந்த ஒழுங்கில், எத்தனை முறை, எந்நிலையில் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த கட்டளை வரிசையே நிரல். (இந்த எடுத்துக்காட்டைச் சொன்னால் பிள்ளைகளைவிட அவர்களின் பாட்டிமார் விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் பட்டறிவு!)

அத்தகைய கட்டளை வரிசையை ஒரு பொறிக்காக எழுதும் எண்ணம் 1843-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. சார்லசு பாபேச்சு கட்டத் திட்டமிட்டிருந்த பகுப்புப் பொறிக்காக, பெர்னூலி எண்களைக் கணக்கிடும் முறையை ஏடா லவ்லேசு அம்மையார் படிப்படியாக எழுதி வெளியிட்டார். பொறியோ கடைசி வரை முழுமையாகக் கட்டப்படவில்லை. பொறி இல்லாமலே நிரல் பிறந்துவிட்டது! 1946-இல் அறிமுகமான எனியாக் கணினியில் ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மாற வேண்டுமானால் கம்பிகளையும் விசைகளையும் கையால் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. 1948-ஆம் ஆண்டு சூன் 21-ஆம் நாள் மான்செசுட்டர் பல்கலைக்கழகத்தில்தான், பொறியின் நினைவகத்திலேயே சேமிக்கப்பட்ட நிரல் ஒன்று முதன்முதலாக ஓடியது. டாம் கில்பர்ன் எழுதிய அந்த நிரலில் இருந்தவை 17 கட்டளைகளே. கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றினால் அதே பொறி வேறு வேலை செய்யும் என்பது அன்று உறுதியாயிற்று.

இனிச் செயலிக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஆப்' என்பது 'அப்ளிகேசன்' என்பதன் குறுக்கம். அப்ளிகேசன் என்றால் பயன்படுத்துதல். கணினியை ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பயன்படுத்துவது. இந்த எண்ணம் அலுவலக உலகில் முதலில் வேர்விட்ட இடம் தோட்டத்து மக்களாகிய நமக்கு வியப்பளிக்கும். அது ஒரு தேயிலை நிறுவனம்! பிரித்தானியாவில் தேநீர்க் கடைகள் நடத்தியும் தேயிலை விற்றும் புகழ்பெற்ற லயன்சு நிறுவனம், 'லியோ' என்ற கணினியைத் தானே கட்டி, 1951 நவம்பரில் தன் அடுமனைக் கணக்குகளை அதில் போடத் தொடங்கியது. பின்னர் ஊழியர் சம்பளக் கணக்கும் அதில் ஏறியது. தோட்டக் கிராணி செக்ரோல் புத்தகத்தில் ஆள்வாரியாகக் குறித்துக் கூட்டிப் போட்ட அதே வகைக் கணக்கு.

அக்காலத்தில் நிரலுக்குத் தனி விலை கிடையாது. கணினி வாங்கினால் நிரலும் உடன் வந்தது. 1969-இல் ஐபிஎம் நிறுவனம் நிரலைப் பொறியிலிருந்து பிரித்துத் தனியே விற்பதாக அறிவித்தது. அன்று தொடங்கி நிரல், கடையில் வாங்கத்தக்க சரக்காயிற்று. நம் நாட்டிற்கு முதற்கணினி வந்தது 1966-இல். அதை வாங்கியது தேசிய மின்சார வாரியம். அந்த ஆண்டுகளில் தோட்ட வரிசை வீடுகள் பலவற்றில் மின்சாரமே இல்லை என்பதை இவ்விடத்தில் நினைத்துக் கொள்வது நல்லது.

1980-களில் தனியாள் கணினி பரவியது. கணினியை இயக்கும் அடிப்படை நிரல் ஒன்று. அதன்மேல் கட்டுரை எழுத, கணக்குப் போட, படம் வரைய உதவும் பயன்பாட்டு நிரல்கள் பல. இந்தப் பாகுபாட்டில்தான் 'அப்ளிகேசன்' என்ற சொல் நிலைபெற்றது. ஆனால் மக்கள் வாயில் எல்லாமே 'புரோகிராம்' தான். விண்டோசு கணினியில் அவற்றை வைத்த உறைக்குக்கூட 'புரோகிராம் ஃபைல்சு' என்று பெயர்.

தமிழ் இந்தக் கதைக்குள் நுழைந்ததும் அக்காலத்தில்தான். கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' என்ற நிரலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் 'கணியன்' நிரலைத் தந்தார். நம் மலேசியாவில் 1985 முதல் இப்பணியில் இறங்கியவர் முத்து நெடுமாறன். கவிஞரும் ஆசிரியருமாகிய முரசு நெடுமாறன் அவர்களின் மகனாகிய இவர், சிலாங்கூரின் கேரித் தீவுத் தோட்டப்புறச் சூழலில் வளர்ந்தவர். இவருடைய 'முரசு' நிரல், பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்து, நம் ஆசிரியர் பலரின் முதல் தமிழ் நிரலாயிற்று. ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் திரையில் தமிழ் தோன்றும் அந்த 'அஞ்சல்' முறை, தட்டச்சு கற்காதவரையும் தமிழில் எழுத வைத்தது.

இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். நிரல் என்பதன் இயல்பு இந்தக் காலக்கட்டத்தில்தான் நன்கு விளங்கும்.

வட்டிலோ குறுவட்டிலோ நிரலைக் கொண்டுவந்து கணினியில் நிறுவிவிட்டால், அது அந்தக் கணினி முழுவதற்கும் பொதுவான பணியாளைப் போன்றது. கட்டுரை எழுதும் நிரலைத் திறந்தாலும், மின்னஞ்சலைத் திறந்தாலும், கணக்குத் தாளைத் திறந்தாலும் முரசு அஞ்சல் பின்னால் நின்று விசைத் தட்டல்களைத் தமிழாக்கித் தந்தது. எல்லாக் கதவும் அதற்குத் திறந்திருந்தது. அதே கதவுகள் நச்சு நிரல்களுக்கும் திறந்திருந்தன என்பது வேறு கதை. வட்டுகள் கைமாறித்தானே அவை பள்ளிக்குப் பள்ளி பரவின!

தொல்லைகளும் குறைவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பம்போல் எண்களை ஒதுக்கிக்கொண்டது. மொத்தம் இருந்த இடம் 256. அதில் முதற்பாதி ஆங்கிலத்திற்கும் குறியீடுகளுக்கும் போய்விட, எஞ்சியதில் தமிழை அடக்கியவர்கள் சிலர். ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தியவர்களும் உண்டு. இதனால், ஒருவர் தட்டெழுதிய வினாத்தாளை எழுத்துரு இல்லாத மற்றொருவர் திறந்தால் திரையில் கிறுக்கல்தான் தெரியும். சிரம்பானில் தட்டெழுதியது தம்பினில் திறக்கவில்லை என்றால் எழுத்துருவையும் வட்டில் போட்டு அனுப்ப வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே அறிஞர்கள் கூடினர். 1997-இல் சிங்கப்பூர், 1999-இல் சென்னை, 2000-இல் மீண்டும் சிங்கப்பூர், 2001-இல் நம் கோலாலம்பூர் என மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் வந்தன. இணையக் குழுவினர் திஸ்கியைக் கையாண்டனர். இறுதியில் நிலைத்தது, உலக மொழிகள் யாவற்றிற்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி. விண்டோசு 2000 தொடங்கி இயங்குதளமே ஒருங்குறித் தமிழைத் தாங்கி வந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது.

தோட்டப் பள்ளிகளின் நிலை என்ன? இணையம் பற்றிப் பேசும் இடத்தில் நாம் இருக்கவில்லை. தொலைபேசிக் கம்பியே எட்டாத பள்ளிகள் இருந்தன. ஆகவே நிரல் என்பது எங்களுக்கு ஒரு வட்டாகவே வந்தது. யாரோ ஓர் ஆசிரியரின் பையில், பட்டணத்திலிருந்து. அதற்கு முன்னர் வினாத்தாள் என்றால் ஸ்டென்சில் தாளில் அழுத்தி எழுதி, மை பூசி, பொறியைச் சுழற்றிப் படியெடுத்ததுதான். அந்த மை படிந்த விரல்களோடு வகுப்பிற்குச் சென்ற ஆசிரியர்களுக்குத் திரையில் 'அம்மா' என்ற சொல் தோன்றிய நாள் எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றைய இளம் ஆசிரியர்களுக்கு விளக்குவது கடினம்.

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிப்பட வீழ்த்தியும் பாடக் குறுவட்டுகளும் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளின் வகுப்பறைக்குள் பெரிய அளவில் நுழைந்த முதல் பாட நிரல்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்பதையும் வரலாறு பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இதற்கிடையே தோட்டங்களும் மாறின. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நிரை பிடித்தவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். தோட்டமே இல்லாத இடத்தில் பள்ளி மட்டும் 'லாடாங்' என்ற பெயரைச் சுமந்து நிற்பதை இன்றும் காணலாம்.

கணினி வாங்க இயலாத வீடுகளிலும் 2000-களின் நடுவில் கைப்பேசி வந்துவிட்டது. அங்கேதான் நம் கதையின் திருப்பம். 2005-ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று சிங்கப்பூரில், ஒலி 96.8 வானொலியோடு இணைந்து, முத்து நெடுமாறன் 'செல்லினம்' என்ற படைப்பை வெளியிட்டார். கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுதி அனுப்ப உதவியது அது. தமிழ் எழுத்துருவே இல்லாத அக்காலக் கைப்பேசிகளில் ஓட வேண்டியிருந்ததால், எழுத்துகளையும் தன்னோடு சுமந்து சென்றது.

அன்று செல்லினத்தை எவரும் செயலி என்று அழைக்கவில்லை. அழைத்திருந்தால் பொருளே மாறியிருக்கும்! ஏனெனில், தமிழ்க் கணினிக் கலைச்சொற்களில் செயலி என்பது கணினியின் மூளையாகிய 'புராசசரை'க் குறித்தது. நுண்செயலி என்ற சொல்லில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. 'ஆப்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் அவசரமாகத் தேவைப்பட்டபோது மக்கள் இதையே எடுத்துக்கொண்டனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'குறுஞ்செயலி' என்றும் வழங்குகிறோம். எனக்கு இந்த 'குறு' பிடித்திருக்கிறது. செயலியின் குணத்தை அது ஓரளவு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அந்தக் குணம் பிறந்த ஆண்டு 2008. அதற்கு முந்தைய ஆண்டு ஐபோன் வெளிவந்தபோது பிறர் எழுதிய நிரல்களை அதில் நிறுவ வழியே இல்லை. 2008 சூலை 10-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையை 500 செயலிகளோடு திறந்தது. அதே ஆண்டில் ஆண்டிராய்டுக்கும் கடை வந்தது. அமெரிக்க வட்டார வழக்கு ஆய்வுக் கழகம் 2010-ஆம் ஆண்டின் சொல்லாக 'ஆப்' என்பதைத் தேர்ந்தது. கடையும் சொல்லும் ஒன்றாகவே வளர்ந்தன. இதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். எழுதப்படும் முறையில் செயலிக்கும் நிரலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எங்கே வாழ்கிறது, யார் அனுமதியோடு வாழ்கிறது, எதுவரை கை நீட்டலாம் என்பவற்றில்தான் வேறுபாடு.

செல்லினத்தின் வரலாறே இதற்குச் சான்று. 2009-இல் ஐபோனுக்கும் செல்லினம் வந்தது. ஆனால் ஆப்பிளின் விதிப்படி ஒவ்வொரு செயலியும் தன் வேலிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குள் நுழையலாகாது. ஆகவே செல்லினத்தைத் திறந்து, அதற்குள் தமிழில் எழுதி, அதைப் படியெடுத்து, மின்னஞ்சலைத் திறந்து, அங்கே ஒட்ட வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் கணினியில் எல்லாக் கதவையும் திறந்துகொண்டு நடமாடிய அதே கைவண்ணம், கைப்பேசியில் ஓர் அறைக்குள் அமர்ந்து எழுதிக் கொடுக்கும் நிலைக்கு வந்தது! ஆண்டிராய்டு தளத்தில் விசைப்பலகைகளுக்கு அந்தத் தடை இல்லை. 2012 இறுதியில் அங்கே வந்த செல்லினம் எல்லாச் செயலிகளிலும் நேரடியாக எழுத உதவியது. 2013-இல் ஐபோனின் ஏழாம் பதிப்பு இயங்குதளத்தில் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளையும் ஆப்பிளே சேர்த்துக்கொண்டது. பிறர் உருவாக்கும் விசைப்பலகைகளுக்கு 2014-இல் எட்டாம் பதிப்பில்தான் கதவு திறந்தது. இத்தனை ஆண்டுகளில் மாறியது தமிழ் எழுதும் நுட்பம் என்பதைவிட, வேலியின் உயரம் என்பதே பொருத்தம்.

வேலியால் நன்மை இல்லையா? நிச்சயம் உண்டு. ஒளிப்படக் கருவியைத் தொட, தொடர்பு எண்களைப் படிக்க, இருக்கும் இடத்தை அறியச் செயலி நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும். பெற்றோர்களே, அந்த அனுமதிக் கேள்வியைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்துகிறோமே, அது வேலியின் வாயிலை நாமே திறந்துவிடுவதாகும். பழைய நிரல் கேட்கவே இல்லை, எடுத்துக்கொண்டது. இவ்வகையில் பிள்ளைகளின் கையில் கொடுக்கச் செயலியே பாதுகாப்பானது என்பதை நான் மறுக்கவில்லை. நிறுவுவதும் எளிது. எழுத்துருவைத் தேடி எவரும் அலைவதில்லை. எழுதப் படிக்கத் தயங்கும் பாட்டிகூடப் பேரனுக்குக் குரலஞ்சல் அனுப்புகிறார்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் விரும்பாவிட்டால் செயலி மறைந்துவிடும். 2017-இல் ஐபோனின் பதினோராம் பதிப்பு வந்தபோது, 32 பிட்டு அமைப்பில் எழுதப்பட்டுப் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்ட செயலிகள் யாவும் ஒரே நாளில் இயங்காமல் போயின. ஆர்வத்தால் ஒரு முறை செய்து வெளியிட்டு, தொடர்ந்து பராமரிக்க ஆளோ பொருளோ இல்லாத சிறுமுயற்சிகளைத்தான் இத்தகைய மாற்றம் முதலில் விழுங்கும். சிறிய மொழிச் சமூகங்களின் படைப்புகளில் பல அப்படிப்பட்டவைதாம். வட்டில் வாங்கிய பழைய டாசு நிரலையோ, பொருத்தமான பழைய கணினியிலும் அதுபோல் நடிக்கும் போலிச்சூழல் நிரலிலும் இன்றும் ஓட்டிப் பார்க்கலாம். ஆயினும் நிரலுக்கு அழிவில்லை என்று சொல்லிவிட முடியாது. அக்காலத்துப் பாட விளையாட்டுகள் பலவற்றிற்கு அடிப்படையாக இருந்த ஃபிளாசு நுட்பத்தை அதன் உரிமையாளராகிய அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது.

கணினிக்கும் செயலிப் பண்பாடு தொற்றிக்கொண்டது. 2012-இல் வந்த விண்டோசு 8 முதல் கணினியிலும் கடை உண்டு. அமைப்புப் பகுதியில் 'புரோகிராம்' என்ற சொல் இருந்த இடத்தில் இப்போது 'ஆப்' இருக்கிறது. 'புரோகிராம் ஃபைல்சு' உறை மட்டும் அப்படியே நிற்கிறது, நம் பள்ளிப் பெயர்களில் 'லாடாங்' நிற்பதுபோல!

இனிப் பெற்றோர்களின் கேள்விக்கு வருகிறேன். ஒன்றைப் பழகினால் மற்றது வந்துவிடுமா?

2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் நடத்திய ஆய்வில், மாணவர்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. கைப்பேசி 46 விழுக்காட்டினரிடம் இருந்தது. மடிக்கணினியோ 9 விழுக்காட்டினரிடம் மட்டுமே. மேசைக் கணினி அதனினும் குறைவு. இது நாடு தழுவிய கணக்கு. தோட்டப்புறப் பிள்ளைகளின் நிலையை ஆசிரியர்கள் அறிவார்கள். வேலைக்குச் சென்ற தந்தை மாலையில் கைப்பேசியோடு வீடு திரும்பும் வரை காத்திருந்து, அண்ணன் தங்கை மூவரும் முறைவைத்து வீட்டுப்பாடம் அனுப்பிய வீடுகள் எத்தனை! அந்த மாதங்களில் நம் பிள்ளைகள் புலனத்தில் படம் அனுப்பவும், காணொலிக் கூடலில் நுழையவும், வினா விளையாட்டுகளில் புள்ளி எடுக்கவும் மிக விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். அவர்களின் விரல் வேகத்தைக் கண்டு நாமே மலைத்தோம்.

பள்ளி மீண்டும் திறந்தபின், கணினிக் கூடத்தில் அதே பிள்ளைகளிடம் "நீ எழுதிய கட்டுரையைச் சேமித்து, உன் பெயரில் ஓர் உறை உண்டாக்கி அதில் வை" என்றேன். பலர் விழித்தனர். கோப்பு என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது என்ற கேள்வியே அவர்களுக்குப் புதிது. செயலிக்குள் எழுதியது செயலிக்குள் இருக்கும். அதைத் தனியே எடுத்து வேறிடத்தில் வைக்கலாம் என்று செயலி அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. சேமிக்கும் பொத்தானில் உள்ள வட்டின் படத்தை "இது என்ன ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். குற்றம் பிள்ளைகளுடையது அன்று. அவர்கள் பயன்படுத்தும் பொருள் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறைப்பதற்காகவே நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு சான்றும் தருகிறேன். சிறுவர்கள் நிரல் எழுதப் பழகுவதற்காக அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிலையம் 2007-இல் 'ஸ்கிராட்ச்' என்ற மொழியை வெளியிட்டது. வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் நிரல் உருவாகிவிடும்.  2019-இல் வந்த மூன்றாம் பதிப்பு கணினியிலும் தட்டைக் கணினியிலும் இயங்குகிறது. கைப்பேசியிலோ, பிறர் செய்ததைத் திறந்து பார்த்து விளையாடலாம். புதிதாக ஒன்றைச் செய்ய அது இடம் தருவதில்லை. கைப்பேசி மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் கணினி உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஒருவன் நிரையைப் பிரித்துக் கொடுக்கக் கற்கிறான். மற்றவன் கொடுத்த நிரையில் வேகமாக ஓடக் கற்கிறான். தோட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆகவேதான், கணினிக் கூடம் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைக் காணும்போது மனம் கனக்கிறது. "பிள்ளைகள் எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறதே, கூடம் எதற்கு?" என்று ஒரு கூட்டத்தில் கேட்கப்பட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அந்தக் கேள்விக்குத் தெளிவான மறுமொழி வைத்திருக்க வேண்டும். பழைய கணினிகள் நான்கைந்து போதும். ஸ்கிராட்ச் ஓட்டுவதற்கும் கோப்பு என்றால் என்னவென்று காட்டுவதற்கும் புதியவை தேவையில்லை.

இத்தோடு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. எங்கள் பள்ளி அலமாரியில் 2000-களின் தொடக்கத்தைச் சேர்ந்த வட்டுகள் சில கிடந்தன. அவற்றில் ஒரு பள்ளி மலருக்காக மாணவர்கள் தம் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிய தோட்ட நினைவுகள், ஆசிரியர்களால் தமிழில் தட்டெழுதப்பட்டிருந்தன. ஒரு கோப்பைக் கைப்பேசிக்கு அனுப்பித் திறந்தபோது கிறுக்கலே தெரிந்தது. கணினியில் அதே கோப்பைத் திறந்து, எழுத்துருவின் பெயரைக் கண்டறிந்து, அதற்குரிய குறியாக்க மாற்றியில் இட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்தோம். இரண்டு வட்டுகள் பூஞ்சணம் பிடித்துப் படிக்கவே முடியாமல் போய்விட்டன. மீண்டவற்றில், சம்பள நாள் சந்தை, வெள்ளத்தில் போன பாலம், குழந்தைக் கொட்டகை ஆயா எனப் பல செய்திகள் இருக்கின்றன. சொன்னவர்களில் பெரும்பாலோர் இன்றில்லை. அவர்களின் குடும்பத்தாருக்கு ஒவ்வொன்றாகக் கைப்பேசி வழி அனுப்பி வருகிறோம்.

உங்கள் பள்ளிகளிலும் இத்தகைய வட்டுகள் இருக்கக்கூடும். வட்டு இயக்கி உள்ள பழைய கணினியைக் கழித்துக் கட்டுமுன் அவற்றைத் திறந்து பாருங்கள். கோப்புகளை முதலில் அப்படியே படியெடுத்து வையுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம். எழுத்துருவின் பெயரை ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.